இலைத் தேயிலைக்கு எந்தக் கோப்பை?

ஊட்டிக்கோ குன்னூருக்கோ போய்வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு பாக்கெட் இலைத் தேயிலை வாங்கி வருவது வழக்கம். வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு நாள் அதைப் போட்டுக் குடித்துப் பார்ப்பார்கள். ஒன்று, வெந்நீர் மாதிரிச் சப்பென்று இருக்கும். இல்லையென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பாக இருக்கும். பாக்கெட் மறுபடி அலமாரிக்குள் போய்விடும். யாரிடமாவது கேட்டால் பீங்கானில் போடணும் என்பார் ஒருவர், எவர்சில்வரில் போட்டால் ருசி கெட்டுவிடும் என்பார் இன்னொருவர், மண் குவளைதான் சரி என்பார் மூன்றாமவர்.

நானும் அந்தப் பேச்சை நம்பி, கனமான பீங்கான் மக் ஒன்றும் சங்கிலி கோத்த உருண்டை வடிகட்டி ஒன்றும் வாங்கினேன். மாதக்கணக்கில் மந்தமான தேநீரைக் குடித்துக்கொண்டு, இலைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மக் கழுவாமல் கிடந்ததால் அதே இலையைச் சாதாரண எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மேலே தட்டு மூடி வைத்தேன். வாசனை எழும்பியது. நிறம் வந்தது. கோப்பை விஷயத்தில் நாம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதனால் செய்த கோப்பை என்பதைவிட, கோப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். பால் சேர்க்காத தேநீரைப் பற்றிய பேச்சு இது. கட்டஞ்சாயா என்றாலும் சரி, இலங்கையில் சொல்கிற பிளேன் டீ என்றாலும் சரி.

கடை டீயும் கோப்பை டீயும்

டீக்கடையில் கண்ணாடி கிளாசுக்கு ஒரே வேலைதான், டீயைத் தாங்கி நிற்பது. சாயம் இறங்கும் வேலையெல்லாம் துணி வடிகட்டியிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டிலும் அப்படித்தான். பாத்திரத்தில் தூளைப் போட்டுக் கொதிக்கவைக்கிறோம். அடுப்பு விடாமல் சூடு கொடுக்கிறது. பிறகு வடிகட்டிக் குடிக்கிறோம். எந்த டம்ளரில் குடித்தாலும் சாயத்தின் அளவு மாறப்போவதில்லை.

இலையைக் கோப்பையிலேயே ஊறவைக்கும்போது கதை வேறு. அங்கே அடுப்பு கிடையாது. ஊற்றிய வெந்நீரில் இருக்கிற சூடுதான் மொத்தக் கையிருப்பு. அடுப்பும் பாத்திரமும் வடிகட்டியும் செய்த வேலைகளை ஒரே ஒரு கோப்பை செய்தாக வேண்டும்.

இலை என்பதாலும் ஒரு சிக்கல் உண்டு. கல் உப்பையும் தூள் உப்பையும் தண்ணீரில் போட்டால் எது முதலில் கரையும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் விற்கும் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி. எனப்படும் வகை. இலையை நசுக்கி, கிழித்து, மணியாகச் சுருட்டும் இயந்திர முறைக்கு அந்தப் பெயர். 1930 வாக்கில் அசாமில் தொடங்கியது. அதில் இலையின் உட்புறம் முழுக்க வெளியே வந்துவிடுவதால், வெந்நீர் பட்டதுமே சாயம் இறங்கும். நாம் இலைத் தேயிலை என்று வாங்குவது பெரும்பாலும் ஆர்தடாக்ஸ் முறையில் செய்தது. இலையை வாட்டி, முறுக்கி, காயவைக்கிறார்கள். இலை ஓரளவு இலையாகவே மிஞ்சுகிறது. அதனால் அது பொறுமையாகத்தான் இறங்கும்.

புளி ஊறுவது போல

ரசத்துக்குப் புளி ஊறவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் நேரமாகும், வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அமுக்கி வைத்தால் நடுப்பகுதி கட்டியாகவே இருக்கும். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் தாராளமாக இருந்தால் பிரிந்து ஊறும். ரொம்ப நேரம் விட்டுக் கசக்கினால் நார், கொட்டையில் இருக்கிற வேண்டாத சுவையும் சேர்ந்து வரும்.

தேயிலையிலும் இதுதான் நடக்கிறது. முதலில் காய்ந்த இலைக்குள் தண்ணீர் புகுந்து, இலை விரிகிறது. உள்ளே இருப்பவை கரைகின்றன. கரைந்தவை இலையிலிருந்து வெளித் தண்ணீருக்கு வருகின்றன. செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஒரு பொருள் தானாகவே பரவுவதற்கு விரவல் என்று பெயர். ஊதுபத்தி ஏற்றினால் பக்கத்து அறை வரை மணக்கிறதே, அதே விரவல்தான். தண்ணீர் சூடாக இருந்தால் விரவல் வேகமாக நடக்கும்.

எல்லாம் ஒரே நேரத்தில் வெளிவருவதில்லை. காஃபினும், இனிப்பு கலந்த ருசி தரும் அமினோ அமிலங்களும் சீக்கிரம் இறங்கிவிடும். துவர்ப்பைத் தருபவை பாலிபீனால்கள். வாழைப்பூவை வாயில் போட்டால் நாக்கு இழுக்குமே, அப்படி இழுக்க வைக்கிற பொருள் குடும்பம் அது. அவை நிதானமாக இறங்கும், அதிகச் சூட்டில் அதிகமாக இறங்கும். கொஞ்சம் துவர்ப்பு இருந்தால்தான் தேநீருக்கு ஒரு கட்டு இருக்கும். மிஞ்சினால்தான் தொல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், கோப்பையிலிருந்து நமக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். தேவையான சூடு நிற்க வேண்டும். இலை விரிய இடம் வேண்டும். போதும் என்கிற நேரத்தில் இலையையும் நீரையும் பிரிக்க வழி வேண்டும்.

சூட்டைக் குடிக்கும் மக்

கனமான கோப்பை சூட்டைத் தாங்கும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மைதான். முதல் நிமிடத்தில் அது செய்வது நேர் எதிரான வேலை.

ஒரு பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறதோ, அதுதான் அதன் வெப்ப ஏற்புத்திறன். தடித்த தோசைக்கல் காய நேரமாவதும் மெல்லிய வாணலி சட்டென்று காய்வதும் இதனால்தான். எடைக்கு எடை பார்த்தால், பீங்கான் நீரைப் போல ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தை வாங்கும். எவர்சில்வர் எட்டில் ஒரு பங்குதான் வாங்கும்.

இதை வைத்து ஒரு கணக்கு. மக்கின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு என்றால், அது 60 மில்லி லிட்டர் தண்ணீருக்குச் சமம். ஆக, அறைச் சூட்டில் இருக்கும் அந்த மக்கில் 200 மி.லி. வெந்நீரை ஊற்றுவது, குளிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவுவது போலத்தான். 98 டிகிரியில் ஊற்றிய நீர், மக் முழுக்கச் சூடேறும்போது 81 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கறுப்புத் தேயிலைக்கு, அதாவது நாம் வழக்கமாகக் குடிக்கிற டீக்கு, 90 டிகிரிக்கு மேல் வேண்டும் என்கிற நிலையில் இது பெரிய இழப்பு. என் பழைய மக்கில் தேநீர் மந்தமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

80 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளர் இதே கணக்கில் வெறும் 10 மி.லி. தண்ணீருக்குச் சமம். அதில் ஊற்றினால் 94 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். மெல்லிய கண்ணாடி டம்ளர் இரண்டுக்கும் நடுவில் வரும்.

டம்ளரைப் பிடித்தால் கை சுடுகிறதே, அப்படியென்றால் சூடு வேகமாக வெளியே போகிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். எவர்சில்வர், பீங்கானைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. கை சுடுவது அதனால்தான். கையை எடுத்துவிட்டால் டம்ளரைச் சுற்றி இருப்பது காற்று. காற்று வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள். அதனால் மூன்று நான்கு நிமிட ஊறலில், டம்ளரின் பக்கவாட்டில் போகிற சூடு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

கனமான மக்கைத் தூக்கிப் போடவும் தேவையில்லை. கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்து, சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு இலை போட்டுப் புதுசாகக் கொதித்த நீரை ஊற்றுங்கள். மக் தன் பங்குச் சூட்டை முன்னாலேயே வாங்கிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் அதன் கனம் நமக்கு உதவியாக மாறும்.

மூடி

கோப்பை பற்றிய பேச்சில் யாரும் கவனிக்காத பொருள் மூடி. என்னைக் கேட்டால் பீங்கானா எவர்சில்வரா என்பதைவிட மூடி இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

திறந்த கோப்பையில் சூடு பெரும்பாலும் மேற்பரப்பு வழியாக, ஆவியாகத்தான் போகிறது. தண்ணீர் ஆவியாக மாறும்போது மீதித் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதும் இதே காரணத்தால்தான். 200 மி.லி. வெந்நீரிலிருந்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் நீர் ஆவியாகப் போனால் போதும். மீதி நீர் 13 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். கடையில் டீயை உயர்த்தி ஆற்றிக் கொடுக்கும்போது சீக்கிரம் ஆறுவதும், காற்று படும் பரப்பும் ஆவியும் கூடுவதால்தான்.

மூடினால் இந்த வழி அடைபடுகிறது. ஆவியோடு பறந்துபோகிற வாசனையும் கணிசமாக உள்ளேயே நிற்கிறது. சிறப்பு மூடி எதுவும் வேண்டாம். காப்பி தவரா டம்ளரின் வாய்க்குப் பெரும்பாலும் பொருந்தும். கவிழ்த்தோ நிமிர்த்தியோ மூடிவிடலாம். சின்னத் தட்டும் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு மூடி இன்னும் அவசியம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிநிலை வந்துவிடுகிறது. தொடக்கக் கையிருப்பே குறைவு என்பதால் இழக்க இடமில்லை.

பச்சைத் தேயிலைக்கு (கிரீன் டீக்கு) மட்டும் இந்தப் பாடத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு 75 முதல் 80 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொள்ளும். அங்கே கனமான, சூடாக்காத மக் நல்ல நண்பன். கொதிநீரைத் தானே விளாவிக் கொடுத்துவிடும். மூடியும் தேவையில்லை.

சுருக்கமாக: கறுப்புத் தேயிலைக்கு மெல்லிய டம்ளர் அல்லது முன்னமே சூடாக்கிய மக், எதுவானாலும் மேலே மூடி. பச்சைத் தேயிலைக்குச் சூடாக்காத கனமான மக், மூடாமல்.

இலைக்கு இடம்

என் பழைய தேநீர் மந்தமானதற்கு மீதிப் பாதிக் காரணம் அந்த உருண்டை வடிகட்டி. பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஒரு தேக்கரண்டி இலை போட்டதும் பாதி நிரம்பிவிடும். இலை ஊறினால் பல மடங்கு பெருக்கும்; மணியாகச் சுருட்டிய ஊலாங் என்ற சீனத் தேயிலை வகை இன்னும் அதிகமாகவே விரியும். உருண்டைக்குள் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நடு இலைகளுக்குப் புதுத் தண்ணீர் எட்டாமல் போய்விடுகிறது. உள்ளே இருக்கிற கொஞ்சம் தண்ணீர் சீக்கிரமே செறிவாகிவிடுவதால் விரவலும் மந்தமாகும். சின்னக் கிண்ணத்தில் அமுக்கிய புளியின் நிலைமைதான்.

வடிகட்டி வேண்டுமென்றால் கோப்பையின் வாயளவுக்கு அகலமும், அடி வரை எட்டும் ஆழமும் உள்ள கூடை மாதிரியான வலை வடிகட்டி வாங்குங்கள். அல்லது இலையை நேரடியாகக் கோப்பையில் போடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. இலை தன் இஷ்டத்துக்கு மிதந்து, விரிந்து, அடியில் போய்ப் படியும். கண்ணாடியில் போட்டால் அதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம்.

எப்போது பிரிப்பது

மூன்று தேவைகளில் ருசியை அதிகம் தீர்மானிப்பது இதுதான். சரியான சூடு, தாராளமான இடம் எல்லாம் இருந்தும் இலையைப் பத்து நிமிடம் நீரிலேயே விட்டுவிட்டால், நாக்கை இழுக்கிற துவர்ப்பு வந்து சேரும். நல்ல கோப்பை என்றால் இலையைத் தேவையான நேரத்தில் பிரிக்கச் சுலபமாக இருக்க வேண்டும்.

தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுகிறவர்களின் கோப்பையைப் பார்த்தால் இது தெளிவாகும். மூடி போட்ட சின்ன வெள்ளைப் பீங்கான் குடுவை, அதன் விளிம்பில் வரிசையாகப் பற்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம். குடுவையில் ஊறவைத்து, நேரம் முடிந்ததும் மூடியோடு கிண்ணத்தில் கவிழ்த்துவிடுவார்கள். பற்களின் இடைவெளி வழியாக நீர் வடிந்துவிடும், இலை உள்ளேயே நிற்கும். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம் 100 மி.லி. நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று சொல்கிறது. நம் நாக்குக்கு அது கெட்டியாக இருக்கும். குறைகள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த அளவு அது. வீட்டில் 200 மி.லி.க்கு 2 முதல் 3 கிராம், மூன்று நான்கு நிமிடம் என்று தொடங்குங்கள்.

சீனாவில் இதே வேலைக்குக் கைவான் என்ற கிண்ணம் இருக்கிறது. அடித்தட்டு, கைப்பிடியில்லாத கிண்ணம், மூடி என்று மூன்று துண்டு. பெரும்பாலும் 100 முதல் 150 மி.லி. அளவு. மூடியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, அந்த இடுக்கு வழியாக நீரை மட்டும் ஊற்றுவார்கள். நம் தவரா டம்ளரில் ஏறக்குறைய இதையே செய்துவிடலாம். டம்ளரில் இலையை ஊறவைத்து, தவராவால் மூடி, நேரமானதும் சின்ன வடிகட்டி வழியாக இன்னொரு டம்ளருக்கு மாற்றினால் வேலை முடிந்தது. டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருப்பதால் ஊற்றவும் வசதி. தலைமுறை தலைமுறையாக ஆற்றி ஊற்றிப் பழகிய கைகளுக்கு இதைவிடத் தோதான பாத்திரம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரிக்காமலே குடிக்கிற வழியும் உண்டு. லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலைக்குப் பெயர்பெற்ற சீன நகரமான ஹாங்சோவில், உயரமான கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, இலையோடு அப்படியே குடிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது மறுபடி வெந்நீர் விடுவார்கள். இலையைக் குறைத்துப் போடுவதாலும், நீர் விட விடச் செறிவு குறைவதாலும் துவர்ப்பு அடங்கியே இருக்கும். பெரிய முழு இலைக்குத்தான் இது சரிப்படும். இலங்கைத் தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) என்று போட்டிருந்தால் அது உடைந்த சிறு இலை. வேகமாக இறங்கும், வாயிலும் வரும். அதற்கு வடிகட்டி கட்டாயம். ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ) என்றால் நீளமான இலை. அந்த எழுத்துகளில் வரும் ஆரஞ்சுக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை. அது இலைத் தரத்தின் பெயர்.

அப்படியானால் பொருள் முக்கியமில்லையா?

கொஞ்சம் முக்கியம். ஆனால் பேசப்படுகிற அளவுக்கு இல்லை.

பளபளப்புப் பூச்சு உள்ள பீங்கானும் கண்ணாடியும் தேநீரோடு எந்த வினையும் புரியாது, வாசனையையும் உறிஞ்சாது. உட்புறம் வெள்ளையாக இருந்தால் சாயத்தின் நிறத்தைச் சரியாகப் பார்க்கலாம், அது பெரிய வசதி. எவர்சில்வரின் மேல் குரோமியம் ஆக்சைடாலான மெல்லிய படலம் இருக்கிறது. அதனால் தேநீரின் லேசான அமிலத்தன்மை அதை ஒன்றும் செய்வதில்லை. எவர்சில்வர் ருசியைக் கெடுக்கும் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம், நேற்றைய காப்பி வாசனை போகாத டம்ளரோ, நாற்றத்தைப் பிடித்துக்கொண்ட ஃபிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையமோதான்.

உண்மையில் ஒதுக்க வேண்டியது, பூச்சு பெயர்ந்து இரும்பு தெரியும் எனாமல் குவளை. கடுக்காயும், இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவது நம் பழைய வழக்கம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. தேநீரின் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்தால் அதே மாதிரி கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

பூச்சில்லாத மண் குவளை நுண்துளைகள் வழியாகத் தேநீரைக் கொஞ்சம் உறிஞ்சும், தன் மண்வாசனையையும் கொடுக்கும். சீனாவின் யீஷிங் களிமண் தேநீர்க் குடுவைகளை ஒரே வகைத் தேயிலைக்கு என்று ஒதுக்கி வைப்பதற்கு இந்த உறிஞ்சும் தன்மைதான் காரணம். மண்வாசனை பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். தினமும் வெவ்வேறு தேயிலை போடுகிறவருக்கு அது தோதுப்படாது.

ஃபிளாஸ்க்கில் இலையைப் போட்டு எடுத்துப்போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூடும் குறையாது, இலையும் பிரியாது. மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ஊறவைத்து வடித்து, பிறகு ஊற்றிக்கொண்டு போனால் ருசி நிற்கும்.

வீட்டு அலமாரியிலிருந்து

நீலகிரி கறுப்பு இலை கையில் இருக்கிறது, எதுவும் புதிதாக வாங்க வேண்டாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். 200 மி.லி. பிடிக்கிற எவர்சில்வர் டம்ளரில் ஒரு மேடான தேக்கரண்டி இலை. தளதளவென்று கொதித்த நீரை உடனே ஊற்றி, தவராவால் மூடுங்கள். மூன்று நிமிடம் கழித்து ஒரு சொட்டு எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு நிமிடம். பிறகு கண்ணாடி டம்ளருக்கோ வெள்ளைக் கோப்பைக்கோ வடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பைக்கு இனிக் குடிக்கிற வேலை மட்டும்தான், அதனால் மனசுக்குப் பிடித்த எதுவானாலும் சரி. 350 மி.லி. மக் என்றால் இலையையும் அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும்; ஒரே கரண்டி இலையில் பெரிய மக்கை நிரப்பினால் சப்பென்றுதான் இருக்கும்.

டம்ளரில் தங்கிய இலையைக் கொட்டிவிடாதீர்கள். தூள் மாதிரி அது ஒரே தடவையில் தீர்ந்துவிடுவதில்லை. மறுபடி கொதிநீர் ஊற்றி, தவராவால் மூடி, இந்த முறை ஐந்து நிமிடம் விடுங்கள். துவர்ப்பு குறைந்து, மென்மையான இரண்டாவது கோப்பை கிடைக்கும்.